பாப் மர்ஃபி ஆடாத கிராண்ட் ஃபைனல்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று அழைத்தார்கள். கிரிக்கெட்டைப் பற்றி நமக்குள் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். அதனால் இந்த ஊர்க்காரர்களின் ஃபுட்டியை, அதாவது ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒரே ஒரு சீசன், 2016. அந்த ஆண்டு வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணி கோப்பையை வென்றது. அதற்கு முன் அவர்கள் வென்றது 1954இல். நடுவில் 62 ஆண்டுகள்.

மெல்பேர்னின் மேற்குப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சமாவது தெரிந்திருக்கும். ஃபுட்ஸ்கிரே, சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ் எல்லாம் புல்டாக்ஸின் ஊர்கள். நம் மக்கள் சன்ஷைன் நார்த்தில் முருகன் கோயிலுக்குப் போகும் வழியிலேயே சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த கொடிகளைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தக் கொடியை ஒரு ஊர் ஏன் இவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் 2016ஐச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. கிரிக்கெட் மைதானம் போன்ற நீள்வட்டத் தரையில் ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஆடுகிறார்கள். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். எறியக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குத் தர வேண்டுமானால் ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்தித் தர வேண்டும். அதற்குப் பெயர் ஹேண்ட்பால். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, ஃபுட்ஸ்கிரேக்கு வருவோம்.

அந்த நாளில் அது தொழிற்சாலைகளும் இறைச்சிக் கூடங்களும் நிறைந்த, உழைப்பாளிகளின் ஊர். அதன் அணிதான் இன்றைய வெஸ்டர்ன் புல்டாக்ஸ். இன்றைய தேசிய லீக்கின் முன்னோடியான விஎஃப்எல் லீக்கில் அது 1925இல் சேர்ந்தது. ஹாதோர்னும் நார்த் மெல்பேர்னும் அதே ஆண்டில் சேர்ந்தவைதான். 1954இல் சார்லி சட்டன் தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, கிராண்ட் ஃபைனலில் மெல்பேர்ன் அணியை 51 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். டெட் விட்டன் அந்த அணியில் இளைஞர். பிற்காலத்தில் நாடே அவரைக் கொண்டாடியது, மைதானத்துக்கும் விட்டன் ஓவல் என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1961இல் மறுபடியும் கிராண்ட் ஃபைனல் வரை வந்து, ஹாதோர்னிடம் 43 புள்ளியில் தோற்றார்கள்.

அதற்குப் பிறகு கிராண்ட் ஃபைனலே இல்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தை பிரிலிமினரி ஃபைனல் என்பார்கள், நம் வழக்கில் அரையிறுதி மாதிரி. 1985, 1992, 1997, 1998, 2008, 2009, 2010 என்று ஏழு தடவை அந்த வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். 1997இல் அடிலெய்டிடம் தோற்றது இரண்டே புள்ளியில். ஃபுட்ஸ்கிரேயில் அன்று வளர்ந்தவர்கள் இன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதைத் தவிர்ப்பார்கள்.

ஆனால் தோல்விகளைவிடப் பெரிய சோதனை 1989இல் வந்தது. கடன் மலையாகக் குவிந்துவிட்டது. லீக் நிர்வாகம், ஃபுட்ஸ்கிரேயை ஃபிட்ஸ்ராய் அணியோடு இணைத்து ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ் என்று புதிதாக ஒரு அணியை ஆக்கிவிடலாம் என்று தீர்மானித்து அறிவித்துவிட்டது. இணைப்பு என்று சொன்னாலும், ஊர்க்காரர்களுக்கு அது மூடுவிழாவாகவே தெரிந்தது.

அப்போது பீட்டர் கார்டன் என்ற இளம் வழக்கறிஞர் எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றார். ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ரசிகை தன் பெயரில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். சொத்தோ செல்வாக்கோ உள்ள பெரிய மனுஷி இல்லை அவர். அணியை நேசித்த ஒரு சாதாரணப் பெண். அந்த வழக்கால் சில வாரம் அவகாசம் கிடைத்தது. அந்தச் சில வாரத்துக்குள் ஊரே தகர உண்டியலைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. கடை வாசலில், ரயில் நிலையத்தில், வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கடனை அடைக்கத் தேவையான தொகை சேர்ந்தது, அணி பிழைத்தது. ஃபிட்ஸ்ராய்க்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1996 சீசனோடு அது பிரிஸ்பேனுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டின் இறுதியில்தான் ஃபுட்ஸ்கிரே தன் பெயரை வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

2016இல் கோப்பை வந்தபோது, அணி நிர்வாகத்தின் தலைவர் நாற்காலியில் இருந்தவரும் அதே பீட்டர் கார்டன்தான். 2016 கோப்பையைப் பற்றி யார் கேட்டாலும் நான் 1989இலிருந்துதான் தொடங்குவேன். களத்தில் ஆடியவர்கள் 22 பேர். அந்தக் கோப்பையில் பங்கு உள்ளவர்கள் அதைவிட மிக அதிகம். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

2014இன் கடைசி மாதங்களில் இந்த அணி கிட்டத்தட்டச் சிதறிப்போயிருந்தது. தலைவர் ரயன் கிரிஃபென் இங்கே ஆட மாட்டேன் என்று சொல்லி ஜிடபிள்யூஎஸ் அணிக்குப் போய்விட்டார். சிட்னியின் மேற்குப் புறநகர்களுக்காக 2012இல் லீக்கில் நுழைந்த புதிய அணி அது. பயிற்சியாளர் பிரெண்டன் மெக்கார்ட்னியும் பதவி விலகினார். கிரிஃபெனுக்கு மாற்றாக அங்கிருந்து டாம் பாய்ட் என்ற பையன் வந்தான். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முந்தைய ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவன். ஏழு ஆண்டு ஒப்பந்தம். சம்பளத் தொகை பத்திரிகைகளில் வெளியானதும், பத்தொன்பது வயதுப் பையனுக்கு இவ்வளவு பணமா என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சை அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோளில் சுமந்துகொண்டே ஆடினான்.

புதிய பயிற்சியாளராக லூக் பெவரிட்ஜ் வந்தார். மெல்பேர்ன், ஃபுட்ஸ்கிரே, செயின்ட் கில்டா என்று மூன்று அணிகளில் ஆடியவர். பெரிய நட்சத்திரமாக இருந்ததில்லை. அமெச்சூர் லீக்கில் செயின்ட் பீட்ஸ் மென்டோன் அணிக்குப் பயிற்சி கொடுத்து, மூன்று பிரிவுகளில் அடுத்தடுத்து மூன்று ஆண்டு வென்று காட்டியவர். பிறகு ஹாதோர்னில் உதவிப் பயிற்சியாளர். அவருடைய தாத்தா ஜாக் பெவரிட்ஜ், 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு கோப்பை வென்ற காலிங்வுட் அணியில் ஆடியவர்.

பெவரிட்ஜ் பாப் மர்ஃபியைத் தலைவராக்கினார். மர்ஃபி ஒல்லியானவர். 2000ஆம் ஆண்டிலிருந்து இதே அணிக்காக ஆடிவந்தவர். பத்திரிகையில் நன்றாக எழுதுவார். எதிரணி ரசிகர்களுக்கும் பிடித்தவர். மூன்று பிரிலிமினரி ஃபைனல் தோல்விகளைப் பார்த்தவர். 2015இல் யாரும் எதிர்பாராமல் ஆறாம் இடத்துக்கு வந்தார்கள். ஃபைனல்ஸ் எனும் கடைசிக் கட்ட ஆட்டங்களில் முதலாவதிலேயே அடிலெய்டிடம் ஏழு புள்ளியில் தோற்றார்கள். ஆனாலும் ஏதோ ஒன்று தொடங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இனி 2016.

அந்த ஆண்டே சோகமாகத்தான் தொடங்கியது. எசெண்டன் அணியின் 2012ஆம் ஆண்டு ஊக்க மருந்து ஊசி விவகாரத்தில், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ஜனவரியில் 34 ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தது. எசெண்டன் அவசரமாக ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆடி, கடைசி இடத்தில் முடித்தது. இன்னொரு பக்கம் ஹாதோர்ன் 2013, 2014, 2015 என்று மூன்று கோப்பைகளைத் தொடர்ந்து வென்று நான்காவதற்குக் காத்திருந்தது. ஜீலாங்கில் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் வந்திறங்கி முதல் சீசனிலேயே, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை 35 வாக்குகளோடு வாங்கினார். அன்றைய வாக்கு முறையில் அதுவரை யாரும் அவ்வளவு வாக்குகள் பெற்றதில்லை. இவையெல்லாம் தனித்தனியாகப் பேச வேண்டியவை. இன்று இவ்வளவு போதும்.

ஏப்ரல் 10, மூன்றாவது சுற்று. டாக்லாண்ட்ஸ் மைதானத்தில் புல்டாக்ஸும் ஹாதோர்னும் மோதின. ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம்தான் இருந்தது. புல்டாக்ஸ் முன்னிலையில் இருந்தார்கள். பந்துக்காகப் போட்டியிட்ட மர்ஃபி தரையிறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. அந்த ஆட்டத்தை ஹாதோர்ன் மூன்று புள்ளியில் வென்றது. தோல்வியை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. 2006இலும் அவருக்கு இதே மாதிரி நடந்திருக்கிறது. இப்போது வயது 33. சீசன் முடிந்தது. ஆட்ட வாழ்வே முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணினார்கள்.

ஈஸ்டன் வுட் தற்காலிகத் தலைவரானார். அதன் பிறகு காயங்கள் வரிசையாக வந்தன. ஜூலையில் செயின்ட் கில்டாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மிட்ச் வாலிஸின் கால் எலும்பு முறிந்தது, ஜாக் ரெட்பாத்தின் முழங்கால் போனது. வாலிஸின் அப்பா ஸ்டீவனும் இதே அணியில் ஆடியவர். கால் முறிந்து கிடந்த வாலிஸின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டாம் லிபரடோரே, ஜாக் மக்ரே, வுட் என்று இன்னும் பலர் அடுத்தடுத்துக் காயமடைந்து உட்கார்ந்தார்கள். ஜேக் ஸ்டிரிங்கரை, ஆட்டம் சரியில்லை என்று பெவரிட்ஜ் இரண்டாம் அணிக்கு அனுப்பினார். இத்தனைக்கும் நடுவில் 22 ஆட்டத்தில் 15 வென்றிருந்தார்கள். மற்ற ஆண்டுகளில் அது முதல் நான்கு இடங்களுக்குள் கொண்டுபோகக்கூடிய எண்ணிக்கை. அந்த ஆண்டு போட்டி அவ்வளவு கடுமை. ஏழாம் இடம்தான் கிடைத்தது.

ஏழாம் இடம் என்றால் என்ன பொருள்? அன்றைய விதிப்படி முதல் எட்டு அணிகள் ஃபைனல்ஸ் ஆடும். முதல் நான்கு அணிகளுக்கு முதல் வாரம் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கு அது கிடையாது. நான்கு வாரம், நான்கு ஆட்டம், நான்கிலும் வெற்றி வேண்டும். ஏழாம் இடத்திலிருந்து அதுவரை யாருமே கோப்பை வென்றதில்லை.

இங்கே ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2015இல் சில அணிகள் கடைசிச் சுற்றில் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டு ஆடின. ரசிகர்கள் கொதித்தார்கள். அதைத் தடுக்க லீக் 2016இல் முதன்முறையாக, வழக்கமான சுற்றுகளுக்கும் ஃபைனல்ஸுக்கும் இடையே ஒரு வார ஓய்வைக் கொண்டுவந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை, வேகம் போய்விடும் என்றார்கள். ஆனால் புல்டாக்ஸுக்கு அந்த ஒரு வாரம் உயிர் கொடுத்தது. வுட், மக்ரே, லிபரடோரே, ஜோர்டன் ரஃப்ஹெட் எல்லாம் ஆடத் தயாரானார்கள். இந்த வெற்றியை வெறும் தேவதைக் கதையாகச் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஓய்வு வாரம் இல்லையென்றால் பெர்த்தில் அந்த அணி இறங்கியிருக்காது என்பது என் கருத்து.

அதே ஓய்வு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. செப்டம்பர் 3ஆம் தேதி சனிக்கிழமை இரவு, விட்டன் ஓவலில் புல்டாக்ஸ் பெண்கள் அணியும் மெல்பேர்ன் பெண்கள் அணியும் ஒரு காட்சி ஆட்டம் ஆடின. மோவானா ஹோப் ஆறு கோல் அடித்தார். தொலைக்காட்சியில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் பார்த்தார்கள். அடுத்த பிப்ரவரியில் பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கியது. புல்டாக்ஸின் 2016 என்று பேசும்போது இந்த இரவையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த ஊர் மைதானத்தில் அன்று வேலியோரம் நின்ற சிறுமிகளில் சிலர் இன்று ஆட்டக்காரர்களாக இருக்கலாம்.

ஃபைனல்ஸ் தொடங்கியது. செப்டம்பர் 8, வியாழக்கிழமை இரவு, பெர்த் நகரில் சுபியாகோ மைதானம். எதிரணி வெஸ்ட் கோஸ்ட், முந்தைய ஆண்டு கிராண்ட் ஃபைனல் ஆடிய அணி. அவர்களின் ஊரில், அவர்களின் கூட்டத்துக்கு முன் புல்டாக்ஸ் ஜெயிப்பார்கள் என்று சொன்னவர்கள் அரிது. 99க்கு 52 என்று, 47 புள்ளியில் வென்றார்கள்.

அந்த இரவுதான் பெவரிட்ஜின் ஆட்டமுறையை எல்லோரும் சரியாகப் பார்த்தார்கள். ஹேண்ட்பால் என்று சொன்னேனல்லவா? பந்து தரையில் கிடக்கும் குவியலுக்குள் மூன்று நான்கு பேராகப் பாய்வார்கள். எடுத்தவர் உடனே பக்கத்தில் இருப்பவருக்குக் குத்தித் தருவார். அவர் அடுத்தவருக்கு. நிற்காமல், நிமிர்ந்து பார்க்காமல், எதிரணி வளைப்பதற்குள் பந்து குவியலைவிட்டு வெளியே வந்துவிடும். வெளியே ஜேசன் ஜோஹானிசன் காத்திருப்பார். அவர் ஓடத் தொடங்கினால் பிடிக்க முடியாது. இன்னார் இந்த இடம்தான் என்பதும் கிடையாது, தடுப்பாளர் முன்னால் போவார், முன்னால் ஆடுபவர் பின்னால் வருவார். உயரம் 168 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள கேலப் டேனியல், தலையில் கவசம் போட்டுக்கொண்டு, அந்த ராட்சதர்களுக்கு நடுவில் பந்தைத் துல்லியமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார். உயரம் போதாது என்று பல அணிகள் தேர்வில் தாண்டிப்போன பையன் அவர்.

அன்றைய வெற்றியிலும் ஒரு இழப்பு. லின் ஜாங் என்ற ஆட்டக்காரருக்குக் காறை எலும்பு முறிந்தது. அப்பா கிழக்குத் திமோரைச் சேர்ந்தவர், அம்மா தைவானைச் சேர்ந்தவர். இந்த லீக்கில் ஆசிய முகங்கள் அபூர்வம் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம் உண்டு. இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் அவர் எழுந்துவந்து, ஃபுட்ஸ்கிரே பெயரில் ஆடும் இரண்டாம் அணிக்காக, இப்போது இரண்டாம் நிலை லீக்காக இருக்கும் விஎஃப்எல்லின் கிராண்ட் ஃபைனலில் ஆடினார். அந்தக் கோப்பையையும் அவர்களே வென்றார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை பெரிய ஆட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இரண்டாவது வாரம், எம்சிஜி என்ற மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானம், எதிரணி ஹாதோர்ன். முந்தைய வாரம் ஜீலாங்கிடம் கடைசி உதை தவறி இரண்டு புள்ளியில் தோற்று வந்த அணி. காயம்பட்ட சாம்பியன்களைத் தொடவே பயப்பட வேண்டும். இரண்டாம் கால்பகுதியில் ஹாதோர்னின் கை ஓங்கியிருந்தது. பிறகு இருபதே வயதான மார்கஸ் பான்டெம்பெல்லி ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். 107க்கு 84. ஹாதோர்னின் நான்காவது கோப்பைக் கனவு அந்த இரவோடு முடிந்தது.

மூன்றாவது, செப்டம்பர் 24. சிட்னியின் மேற்கே ஜிடபிள்யூஎஸ் அணியின் மைதானம். என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டம் இதுதான், கிராண்ட் ஃபைனலைவிடவும். புல்டாக்ஸிலிருந்து பிரிந்து போன கிரிஃபெனின் அணி, கேலன் வார்டின் அணி. வார்டு 2011இன் முடிவில் புல்டாக்ஸை விட்டுப் போய் அங்கே இணைத்தலைவர் ஆனவர். நாட்டின் சிறந்த இளைஞர்களைத் தேர்வில் அள்ளிக்கொள்ள லீக் அந்தப் புதிய அணிக்குச் சலுகை கொடுத்திருந்தது. இந்தப் பக்கம் பணம் திரட்டிப் பிழைத்த பழைய ஊர் அணி. புல்டாக்ஸ் ரசிகர்கள் ஹ்யூம் நெடுஞ்சாலையில் கார் கார்களாக, பஸ் பஸ்ஸாக வடக்கே போனார்கள். ஒன்பது மணி நேரப் பயணம். வழியில் பெட்ரோல் பங்க் ஒவ்வொன்றிலும் சிவப்பு, வெள்ளை, நீலம்.

ஆட்டம் முழுக்க அடிதான். வார்டு தலையில் முழங்கால் பட்டு மயங்கி வெளியேறினார். ரஃப்ஹெட் கண்ணில் பந்து பட்டுப் பார்வை மங்கி வெளியேறினார். மூன்று தடவை முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட கிளே ஸ்மித் நான்கு கோல் அடித்தார். கடைசிக் கால்பகுதியில் ஜிடபிள்யூஎஸ் முன்னே போய்விட்டது. நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. புல்டாக்ஸ் ஒவ்வொரு புள்ளியாகத் துரத்திப் பிடித்தார்கள். கடைசியில் மக்ரே அடித்த கோல். கோல் அடிப்பது அவர் வழக்கமே இல்லை, அன்று அடித்தார். 89க்கு 83. ஆறு புள்ளி. 1961க்குப் பிறகு முதல் தடவையாக கிராண்ட் ஃபைனல். முதியவர்கள் அரங்கில் உட்கார்ந்தபடியே அழுதார்கள். மைதானத்தின் நடுவில் ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார்கள்.

அடுத்த ஒரு வாரம் ஃபுட்ஸ்கிரேயைப் பார்த்திருக்க வேண்டும். வியட்நாமியக் கடைகளிலும், எத்தியோப்பிய உணவகங்களிலும், இத்தாலியக் காபிக் கடைகளிலும் புல்டாக்ஸ் கொடி. பந்தையே தொட்டிராதவர்கள்கூட மஃப்ளர் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வந்து குடியேறிய ஊருக்கு நாமும் சொந்தம் என்று காட்ட அந்த மக்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. நமக்கும்தான்.

அக்டோபர் 1, சனிக்கிழமை. எம்சிஜியில் 99,981 பேர். எதிரணி சிட்னி ஸ்வான்ஸ், பட்டியலில் முதலிடம் பிடித்த அணி. 2012இல் கோப்பை வென்றவர்கள். லான்ஸ் ஃபிராங்க்ளின் அவர்களின் பெரிய பலம்.

பாதி ஆட்டம் முடிந்தபோது சிட்னி மயிரிழையில் முன்னால் இருந்தது. மூன்றாம் கால்பகுதியில் புல்டாக்ஸ் சற்று முன்னேறினார்கள். கடைசிக் கால்பகுதியில் சிட்னி மறுபடி நெருங்கியது. ஜோஹானிசன் ஓடிவந்து நீளமாக ஒரு உதை உதைத்தார், கோல் என்று கூட்டம் கூத்தாடியது. வீடியோவில் பார்த்து, பந்தில் விரல் பட்டுவிட்டது என்று ரத்து செய்தார்கள். அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு வந்தது டேல் மாரிஸின் நேரம். ஃபிராங்க்ளின் பந்தோடு திரும்பும்போது மாரிஸ் பின்னாலிருந்து பாய்ந்து வீழ்த்தினார். பந்து சிதறியது. டாம் பாய்ட் அதை எடுத்தான். நடுக்களத்துக்குப் பக்கத்திலிருந்து உதைத்தான். அந்தப் பக்கம் யாருமே இல்லை. பந்து தரையில் பட்டு, எழும்பி, உருண்டு, கம்பங்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. இவ்வளவு பணமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் அது. அவனுக்கு அன்று மூன்று கோல். லியம் பிக்கனுக்கும் டோரி டிக்சனுக்கும் மூன்று மூன்று.

89க்கு 67. சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் ஜோஹானிசனுக்கு. அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவில், வளர்ந்தது பெர்த்தில். பிரதான தேர்வில் யாரும் எடுக்காமல், ரூக்கி பட்டியல் என்ற கூடுதல் ஆட்டக்காரர் பட்டியல் வழியாக வந்தவர். மேத்யூ பாய்ட், மாரிஸ், பிக்கன், லூக் டால்ஹவுஸ் எல்லாம் அதே பின்வாசல் வழியாக வந்தவர்கள்தான். லிபரடோரேயும், லாக்கி ஹண்டரும், ஸேன் கார்டியும் அப்பாக்கள் ஆடிய அணியில் ஆடிய பிள்ளைகள். டேல் மாரிஸ் அந்த ஃபைனல்ஸை முதுகெலும்பில் முறிவோடு ஆடினார் என்பது பிறகுதான் வெளியில் தெரிந்தது. ஃபிராங்க்ளினை வீழ்த்திய அந்தப் பாய்ச்சலை அப்படிப்பட்ட முதுகோடு செய்திருக்கிறார்.

சிட்னி ரசிகர்களுக்கு இன்றும் மனக்குறை உண்டு. விதிமீறலுக்காக எதிரணிக்குத் தரும் ஃப்ரீ கிக் எண்ணிக்கை 20க்கு 8 என்று புல்டாக்ஸ் பக்கம் இருந்தது. டேன் ஹான்பெரியின் முழங்கால் மோதலில் காயப்பட்டபோது விசில் ஊதவில்லை. அந்தக் குறை நியாயமானது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பந்துக்காக முதலில் பாய்கிறவனுக்குத்தான் பெரும்பாலும் ஃப்ரீ கிக் கிடைக்கும். அன்று பெரும்பாலும் முதலில் பாய்ந்தவர்கள் புல்டாக்ஸ். கோப்பை போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

அப்புறம் மேடை. வென்ற அணியின் பயிற்சியாளருக்கு ஜாக் மெக்ஹேல் பதக்கம் என்று ஒன்று கழுத்தில் போடுவார்கள். பெவரிட்ஜ் அதை வாங்கிக்கொண்டார். பிறகு ஒலிபெருக்கியில் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்தார். மர்ஃபி அணியின் மேல்சட்டையோடு கூட்டத்துக்குள் நின்றிருந்தார், ஆடாதவராக. மேடை ஏறியதும் பெவரிட்ஜ் தன் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். இது உனக்குத்தான் சேர வேண்டும் என்றார். பிறகு வுட்டும் பெவரிட்ஜும் மர்ஃபியும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள்.

அந்தக் காட்சியைப் பெருந்தன்மை என்று மட்டும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் கணக்குத் தீர்ப்பது தெரிகிறது. லீக்கின் அன்றைய விதிப்படி, ஆடிய 22 பேருக்குத்தான் பதக்கம். மர்ஃபிக்குக் கிடையாது, வாலிஸுக்குக் கிடையாது, ரெட்பாத்துக்குக் கிடையாது, லின் ஜாங்குக்குக் கிடையாது. ஐரீன் சாட்ஃபீல்டுக்கோ 1989இல் உண்டியல் குலுக்கியவர்களுக்கோ கொடுக்க எந்தப் பதக்கமும் இல்லை. அந்த எல்லோர் பெயரிலும் ஒருவருக்குப் போட்டது அது. மர்ஃபியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. பெவரிட்ஜிடம் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அது அணியின் அருங்காட்சியகத்துக்குப் போனது. எல்லோரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்துக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விட்டன் ஓவலுக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். 1954ஐ நேரில் பார்த்த முதியவர்களும், தோளில் தூக்கிவரப்பட்ட குழந்தைகளும் ஒரே கூட்டத்தில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். 2017இல் மர்ஃபி முழங்கால் தேறி வந்து மறுபடி தலைவராக ஆடினார். ஆனால் அணி ஃபைனல்ஸுக்கே வரவில்லை. 312 ஆட்டங்களோடு அவர் ஓய்வு பெற்றார். கோப்பைப் பதக்கம் ஒன்றுகூட இல்லாமல். லியம் பிக்கன் தலையில் பட்ட அடியின் பாதிப்பால் ஆட்டத்தை விட நேர்ந்தது. டாம் பாய்ட் மன அழுத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அந்த நாளில் ஆட்டக்காரர்கள் அதிகம் பேசாத விஷயம் அது. 2019இல் 23ஆம் வயதில், ஒப்பந்தத்தில் இன்னும் ஆண்டுகள் மீதம் இருக்கும்போதே, பணத்தை விட்டுவிட்டு ஓய்வு பெற்றார். அந்த முடிவுக்கு கிராண்ட் ஃபைனலில் அடித்த அந்த நீண்ட கோலைவிட அதிகத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2021இல் பான்டெம்பெல்லி தலைமையில் மறுபடி கிராண்ட் ஃபைனலுக்கு வந்து, பெர்த்தில் மெல்பேர்ன் அணியிடம் 74 புள்ளியில் தோற்றார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பள்ளியில் நாள்தோறும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. புல்டாக்ஸ் பெண்கள் அணி விட்டன் ஓவலில் ஆடும் நாட்களில் ஒரு தடவை அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெஸ்ட் ஃபுட்ஸ்கிரே ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். வாசலில் டெட் விட்டன் சிலை நிற்கிறது. பக்கத்தில் நிற்கிற வயதானவர் யாரிடமாவது, 1989இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆட்டம் முடியும்வரை பேசுவார்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.